மாமா கடை கம்ப்யூட்டரும் நான் வச்ச ஆப்பும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கிறது வழக்கமான சாக்கு. உண்மை என்னன்னா, எழுத நினைச்ச விஷயம் கொஞ்சம் மானம் போற விஷயம். அதான் இத்தனை நாள் டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்துச்சு. இன்னைக்கு போட்டு உடைச்சிடறேன்.

கதை நடந்தது 2024 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. ஆனா சூனியம் வச்சது அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, தீபாவளி லீவுல. வழக்கம்போல சொந்த செலவில்.

எனக்கு ஊரு விழுப்புரம். சென்னைல பொட்டி தட்டற வேலை. அம்மாவோட தம்பி, என் தாய்மாமா, திண்டிவனத்துல மேம்பாலத்துக்குப் பக்கத்துல கடை வச்சிருக்கார். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன், அதோட பொது சேவை மைய வேலையும் உண்டு. பட்டா சிட்டா எடுக்கறது, பரீட்சைக்கு அப்ளை பண்றது, கரண்ட் பில் கட்டறதுன்னு காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஆள் வந்துட்டே இருக்கும். இத்தனைக்கும் கடைல இருக்கறது ஒரே ஒரு கம்ப்யூட்டர். கூட வேலை பாக்க ஒரு பொண்ணு. பி.காம். முடிச்சிருக்கு, என்னை அண்ணான்னு கூப்பிடும்.

தீபாவளி லீவுல முறுக்கு டப்பாவை எடுத்துக்கிட்டு கடைக்குப் போனவன் சும்மா இருந்திருக்கலாம். "என்ன மாமா, இன்னும் விண்டோஸ் 10லயே ஓட்டிட்டு இருக்கீங்க? 2025 அக்டோபர் 14ஓட இதுக்கு சப்போர்ட் நிக்குது. அப்புறம் செக்யூரிட்டி அப்டேட் வராது. ஊர் ஜனங்க ஆதாரும் பாஸ்புக்கும் இந்தப் பொட்டில தானே போடறீங்க?"ன்னு ஒரு லெக்சர் குடுத்தேன். சொன்ன விஷயத்துல தப்பில்ல. தேதியும் சரி, காரணமும் சரி. பொட்டி 2020ல வாங்குனது, விண்டோஸ் 11 கேக்கற டிபிஎம் 2.0 எல்லாம் இருந்துச்சு. டவுன்லோடைத் தட்டி விட்டுட்டு, "முடிஞ்சதும் ஒரு ரீஸ்டார்ட் கேக்கும் மாமா, கடை சாத்தற நேரமா பாத்து குடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டு கிளம்பிட்டேன். கூட உக்காந்து முடிச்சுக் குடுத்திருக்கணும். அன்னைக்கு சாயந்திரம் பசங்களோட படத்துக்குப் போற பிளான் இருந்துச்சு. வேற காரணம் எதுவும் இல்ல.

மாமாவும் பாவம், அது கேக்கும்போதெல்லாம் 'அப்புறம் பாக்கலாம்' குடுத்துட்டே இருந்திருக்கார். நவம்பர் 15 காலைல பதினொன்றரை மணிக்கு, கடை நிறைய ஆள் இருக்கும்போது, திரும்பவும் அந்தப் பெட்டி வந்திருக்கு. அவசரத்துல நீல பட்டனை அமுக்கிட்டார்.

அந்த நாள் என்ன நாள்னு தெரிஞ்சாதான் இதோட கனம் புரியும். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம்னு 2016ல இருந்து ஒண்ணு இருக்கு. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம். மீதி பிரீமியத்தை அரசாங்கம் போடும். பதிவு பண்ண விஏஓ குடுக்கற அடங்கல், ஆதார், பாஸ்புக், நிலத்தோட ஆவணம் எல்லாம் வேணும். எங்க பக்கம் அந்த வருஷ சம்பாவுக்கு கடைசி நாள் நவம்பர் 15. கடைசி நேரத்துல தேதி தள்ளிப் போறதும் உண்டுதான். ஆனா அதை நம்பி யாரும் பேப்பரைக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்க முடியாது.

மாமா முந்தின ரெண்டு நாள்ல ஒன்பது பேர்கிட்ட பேப்பரும் பணமும் வாங்கி ஒரு மஞ்சப்பையில வச்சிருந்தார். அடங்கல் கைக்கு வர லேட்டானவங்க, மயிலம், கூட்டேரிப்பட்டு பக்கத்து ஆளுங்க. "வெள்ளிக்கிழமை ஏத்திடறேன், கவலைப்படாத"ன்னு சொல்லி அனுப்பியிருக்கார். அந்த வெள்ளிக்கிழமைதான் இது.

எனக்கு போன் வந்தப்போ மணி நாலு. வாரத்துல அன்னைக்கு எனக்கு வீட்ல இருந்து வேலை, விழுப்புரத்துலதான் இருந்தேன்.

"மாப்ள, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்க மாமா."

"ஒண்ணும் இல்லடா. நெட்டு வர்ல. மோடத்தை நாலு வாட்டி நிறுத்திப் போட்டுட்டேன். லைன்காரன் வந்து பாத்துட்டு லைன் நல்லாதான் இருக்குன்னுட்டான். என் போன்ல வைஃபை நல்லா வருது. கம்ப்யூட்டர்ல மட்டும் வர்ல. நீ அன்னைக்கு போட்டியே, அது முடிஞ்சதுல இருந்துதான் இப்படி இருக்குது."

நீ போட்டியே. மாமா குத்திக் காட்டல, சாதாரணமாதான் சொன்னார். மத்தியானம் ஒரு மணிக்கே தெரிஞ்சிருக்கு. ஆபீஸ் நேரத்துல என்னை தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மூணு மணி நேரம் தானே போராடியிருக்கார்.

வழக்கமா இந்த மாதிரி நேரத்துல நான் இங்க இருந்தே அவர் ஸ்கிரீனை எடுத்துப் பாத்து சரி பண்ணிடுவேன். அதுக்கு நெட் வேணும். இல்லாதது நெட்டு. இது உறைக்கவே எனக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. ஈசிஈ படிச்ச மூளை :-)

சரி, போன்லயே பாக்கலாம்னு ஆரம்பிச்சேன்.

"மாமா, வலது பக்கம் கீழ, மணி காட்டுதே, அதுக்குப் பக்கத்துல என்ன படம் இருக்கு?"

"உலக உருண்டை மாதிரி ஒண்ணு இருக்குது."

உலக உருண்டை வந்தா 'உள்ளூர் இணைப்பு இருக்கலாம், வெளி உலகம் இல்ல'ன்னு அர்த்தம். அந்த முடிவுக்கு விண்டோஸ் எப்படி வருதுன்னு பலருக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் தளம் ஒண்ணுல ஒரு குட்டி ஃபைல் இருக்கு. உள்ள 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்'னு மூணு வார்த்தை மட்டும். பொட்டி அதை எடுத்துப் பாக்கும். வந்தா நெட் இருக்கு, வரலன்னா உருண்டை. அவ்ளோதான் சங்கதி. அதனால உருண்டை தெரியுதுன்னா எங்கயோ ஒரு இடத்துல அடைப்பு இருக்குன்னு மட்டும்தான் சொல்ல முடியும். எங்கன்னு நாமதான் தேடணும்.

என் முதல் சந்தேகம் வேற. 2016 டிசம்பர்ல விண்டோஸ் 10 வச்சிருந்த பலருக்கு, முக்கியமா இங்கிலாந்து, ஐரோப்பா பக்கம், திடீர்னு நெட் போயிடுச்சு. உள்ள ஓடற ஒரு சர்வீஸ் கிராஷ் ஆனதால பொட்டிக்கு ஐபி முகவரியே கிடைக்காம போனதுதான் காரணம். டிசம்பர் 13ஆம் தேதி வந்த அப்டேட்ல அதை சரி பண்ணாங்க. அதுவரைக்கும் மைக்ரோசாஃப்ட் குடுத்த வைத்தியம், 'ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஷட் டவுன் பண்ணாதீங்க'. படிக்க வேடிக்கையா இருக்கும், ஆனா அதுல விஷயம் இருக்கு. விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு வந்துச்சு. ஷட் டவுன் குடுத்தா உள்ள இருக்கற கெர்னல் முழுசா சாகாது, தூங்கி எழுந்திரிக்கும். ரீஸ்டார்ட் குடுத்தாதான் முழுசா குளிச்சிட்டு வரும்.

"மாமா, ரீஸ்டார்ட் குடுத்தீங்களா, நிறுத்திப் போட்டீங்களா?"

"ரெண்டும் பண்ணிட்டேன்டா."

அடுத்து கருப்பு சன்னலைத் திறக்கச் சொல்லி ஐபிகான்ஃபிக் அடிக்க வச்சேன். ஒரு எழுத்து விட்டு, ஒரு இடைவெளி சேத்துன்னு அதுக்கே பத்து நிமிஷம். கடைசியில மாமா படிச்சார், "நூத்தித் தொண்ணூத்திரெண்டு, புள்ளி, நூத்தி அறுபத்தெட்டு..." 169.254ன்னு ஆரம்பிச்சிருந்தா ரவுட்டர்கிட்ட இருந்து முகவரி கிடைக்காம பொட்டி தானா ஒண்ணை வச்சிக்கிச்சின்னு அர்த்தம். இங்க 192.168. முகவரி ஒழுங்கா கிடைச்சிருக்கு. 2016 வியாதி இல்ல.

மணி அஞ்சே கால். பின்னாடி ஒரு குரல் கேட்டுச்சு: "இன்னா தம்பி, ஏறுமா ஏறாதா? சொல்லிட்டின்னா வேற கடைக்காச்சும் போய்ப் பாப்பேன்." அதுக்கு மேல எனக்கு போன்ல உக்கார முடியல. மேனேஜருக்கு ஒரு மெசேஜ் தட்டிட்டு கிளம்பிட்டேன்.

அன்னைக்குன்னு பாத்து ஐப்பசி பௌர்ணமி. விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்ட்ல திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போற கூட்டம் அலைமோதுது. அதுக்குள்ள நீந்தி திண்டிவனம் வழியா போற சென்னை பஸ்ஸைப் பிடிச்சேன். நாப்பது கிலோமீட்டர் கூட இருக்காது. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி டோல்கேட், கூட்டேரிப்பட்டுன்னு ஒவ்வொண்ணா கடக்கறப்போ மனசுக்குள்ள கணக்கு ஓடுது. ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம், ஒன்பது பேருக்கு ஒன்றரை மணி நேரம். பத்தரைக்குள்ள சரி பண்ணாதான் பன்னெண்டுக்குள்ள முடியும்.

கைல லேப்டாப் இருந்துச்சு. அதுலயே ஏத்தியிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம், நானும் யோசிச்சேன். அது ஆபீஸ் லேப்டாப். ஸ்கேனருக்கு டிரைவர் போட விடாது. அதை விட, அதுல ஊர் ஜனங்களோட ஆதாரையும் பேங்க் நம்பரையும் போட்டா திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது. வேற கடைக்கு அனுப்பலாம்னா அன்னைக்கு எல்லாக் கடையிலயும் இதே கூட்டம்.

ஏழு மணிக்கு கடைக்குள்ள நுழையறேன். அந்தப் பெரியவர் பெஞ்சுல உக்காந்திருக்கார், மயிலம் பக்கம். அவர் பேரும் அந்த மஞ்சப்பையில இருந்துச்சு. கூட்டேரிப்பட்டுல இருந்து வந்த ஒரு அம்மா, இன்னும் ரெண்டு பேர். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. மாமா பெருமையா, "என் அக்கா பையன்தான், சென்னைல கம்ப்யூட்டர் இன்ஜினியர். இனிமே பயம் இல்ல"ன்னார். எனக்கு வயித்துல புளி கரைஞ்சுது.

உக்காந்து வரிசையா பாத்தேன். ரவுட்டருக்குப் பிங், பதில் வருது. 8.8.8.8க்குப் பிங், வருது. பேர் சொல்லிப் பிங், அதுவும் வருது. அப்போ கேபிள் சரி, ரவுட்டர் சரி, வெளி லைன் சரி, பேரை முகவரியா மாத்தற டிஎன்எஸ்ஸும் சரி. ஆனா பிரவுசர்ல ஒரு பக்கம் கூட திறக்கல. ஒரு பிரவுசர் இல்ல, மூணுலயும்.

இங்கதான் நான் நின்னு யோசிச்சிருக்கணும். யோசிக்கல. கைக்குத் தெரிஞ்ச வைத்தியத்தை எல்லாம் வரிசையா போட ஆரம்பிச்சேன். நெட்ஷ் வின்சாக் ரீசெட், ரீஸ்டார்ட். நெட்வொர்க் கார்டு டிரைவரைத் தூக்கிட்டுத் திரும்பப் போட்டு, ரீஸ்டார்ட். செட்டிங்ஸ்ல இருக்கற நெட்வொர்க் ரீசெட், அதுக்கொரு ரீஸ்டார்ட். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் அந்தப் பெரியவர் எழுந்து வந்து ஸ்கிரீனை எட்டிப் பாப்பார். உருண்டையைப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம திரும்பிப் போய் உக்காந்துக்குவார். திட்டியிருந்தா கூட தேவலாம்.

எட்டரை மணிக்கு என் போனை யூஎஸ்பில மாட்டி டெதரிங் போட்டேன். இது தெரியாதவங்க கண்டிப்பா தெரிஞ்சு வச்சிக்கோங்க. வைஃபை கார்டு செத்தாலும் லேன் கார்டு செத்தாலும், ஆண்ட்ராய்டு போனை ஒயர்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் போட்டா நெட் வரும். அதுக்கான டிரைவர் விண்டோஸ்லயே இருக்கு. டிரைவர் இறக்க நெட் வேணும், நெட் வர டிரைவர் வேணும்னு முழிக்கற நேரத்துல இதான் கை குடுக்கும்.

அதுலயும் பிரவுசர் திறக்கல.

வேற கார்டு, வேற கம்பெனி லைன், வேற வழி. அதே அடைப்பு. அப்போ ரோட்டுல ஒண்ணும் இல்ல, வீட்டு வாசக்கதவுலதான் எதோ இருக்கு. இந்த அளவுக்கு மண்டைல ஏறுச்சு. வாசக்கதவுல எதுன்னு தெரியல. ஃபயர்வாலைப் பாத்தேன், பிராக்ஸியைப் பாத்தேன், ஒண்ணும் சிக்கல. மணி ஒன்பதே கால். இனி விண்டோஸை அழிச்சிட்டுத் திரும்பப் போடறதுதான் வழின்னு நினைச்சேன். அப்படிப் போட்டா பன்னெண்டு தாண்டிடும். மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு வார்த்தை தேடிட்டு இருந்தேன்.

அந்தப் பொண்ணு டீ வாங்கிட்டு வந்து வச்சிது. தயங்கித் தயங்கி, "அண்ணா, ஒண்ணு சொல்லட்டுமா?"ன்னுச்சு.

"சொல்லும்மா."

"காலைல கம்ப்யூட்டர் போட்டதும் தினமும் ஒரு கேடயம் படம் போட்ட பெட்டி வரும்ணா. காலாவதி ஆயிடுச்சு, பணம் கட்டுங்கன்னு. நான் தினமும் அதை மூடிட்டுதான் வேலையை ஆரம்பிப்பேன். இன்னைக்கு இத்தனை வாட்டி ரீஸ்டார்ட் பண்ணீங்களே, ஒரு வாட்டி கூட அது வரல."

டீயைக் கீழ வச்சிட்டேன்.

ஆன்டிவைரஸ். பொட்டி வாங்குனப்போ யாரோ போட்டுக் குடுத்தது. எந்தக் கம்பெனின்னு சொல்லல, அவங்களைக் குறை சொல்ல இந்தப் பதிவு இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடியே காலாவதி, யாரும் புதுப்பிக்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல. இந்த மாதிரி சாஃப்ட்வேர் பொட்டிக்குள்ள வர்ற போற எல்லாத்தையும் சோதிக்க நெட்வொர்க் பாதையில ஒரு ஃபில்டரை உக்கார வைக்கும். ஒரு கார்டுல இல்ல, புதுசா எந்தக் கார்டு வந்தாலும் அதுலயும் போய் ஒட்டிக்கும். அதான் டெதரிங்லயும் அடைப்பு. ரெண்டு வருஷமா அப்டேட் ஆகாத பழைய ஃபில்டர் விண்டோஸ் 10ல எப்படியோ ஓடிட்டு இருந்திருக்கு. புது விண்டோஸ் வந்ததும் அந்த ஆன்டிவைரஸோட மேல் பகுதி எழுந்திரிக்கவே இல்ல, அதனால கேடயப் பெட்டி வரல. ஆனா கீழ இருக்கற வாட்ச்மேன் மட்டும் கதவுல நின்னுட்டு, பிங் மாதிரி சின்ன விசாரணையை விட்டுட்டு, வெப் பக்கம் போறதை எல்லாம் மறிச்சிட்டு இருக்கான். அவனுக்கு உத்தரவு குடுக்க உள்ள ஆள் இல்ல.

நெட்வொர்க் கார்டோட பிராப்பர்ட்டீஸைத் திறந்தா டிக் அடிச்ச ஒரு பட்டியல் வரும். ஐபி பதிப்பு 4, பதிப்பு 6னு இருக்குமே, அதுதான். நடுவுல அந்த ஆன்டிவைரஸ் பேர்ல ஒரு வரி. டிக்கை எடுத்தேன், ஓகே குடுத்தேன். உலக உருண்டை மறைஞ்சிடுச்சு. ரீஸ்டார்ட் கூடத் தேவைப்படல.

மணி 9.40. அந்த டிக் ஏழு மணிக்கும் அங்கதான் இருந்துச்சு.

அந்த பழைய ஆன்டிவைரஸை முழுசா நீக்கிட்டு ஒரு ரீஸ்டார்ட் குடுத்தோம். விண்டோஸ்ல கூடவே வர்ற டிஃபெண்டர் தானா பொறுப்பை எடுத்துக்கிச்சு. பத்து மணிக்கு அந்தப் பொண்ணு சீட்டுல உக்காந்துச்சு. நான் எழுந்து பேப்பர் எடுத்துக் குடுக்கற வேலைக்கு மாறிட்டேன். மாமா ஸ்கேனர்ல, நான் அடங்கலைப் பாத்து சர்வே நம்பர் படிக்க, அது டைப் அடிக்க. நாலாவது ஆள் ஏத்தும்போதே தெரிஞ்சுது, என்னை விட அதுக்கு வேகம். கடைசி ரசீது பிரிண்டர்ல இருந்து வந்தப்போ மணி 11.25. பெரியவர் தன்னோடதை வாங்கி நாலா மடிச்சு சட்டை உள்பாக்கெட்ல வச்சிக்கிட்டு, அந்தப் பொண்ணைப் பாத்து "நல்லா இரு கண்ணு"ன்னார். என்கிட்ட "வரேன் தம்பி"ன்னு மட்டும் சொன்னார். சரியாதான் சொன்னார்னு தோணுச்சு.

அன்னைக்கு ராத்திரி மாமா வீட்டு மொட்டை மாடியில படுத்திருந்தேன், தூக்கம் வரல. அந்தப் பொண்ணு அதே ரூம்லதான் இருந்துச்சு. ஏழு மணில இருந்து என் பின்னாடியே நின்னுட்டு இருந்துச்சு. பொட்டிகிட்ட அம்பது கேள்வி கேட்டேன், கருப்பு சன்னல்ல பக்கம் பக்கமா பதில் வாங்குனேன். தினம் அது முன்னாடி பத்து மணி நேரம் உக்காந்திருக்கற ஆளுகிட்ட ஒரு கேள்வி கேக்கல. ஏன் முன்னாடியே சொல்லலன்னு டீ குடிக்கும்போது கேட்டேன். "நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க, இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்ணா"ன்னுச்சு. அதுவாவது தயங்கிச்சு. எனக்குக் கேக்கணும்னே தோணல.

ஆபீஸ்ல நானும் அப்டேட் அனுப்பற ஆள்தான். எங்க சாஃப்ட்வேர் மாறினா அந்தப் பக்கம் யாரோ ஒருத்தர் கவுண்டர்ல முழிப்பாங்க. டிக்கெட் வரும். 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க'ன்னு போட்டு, ரெண்டு நாள் பதில் இல்லன்னா மூடிடுவோம். வெள்ளிக்கிழமை அப்டேட் விடாதீங்கன்னு எங்க துறையில ஒரு பழமொழியே உண்டு. சனி ஞாயிறு யார் உக்காந்து சரி பண்றதுங்கிற பயத்துல வந்தது. அந்தப் பக்கம் பெஞ்சுல யார் உக்காந்திருப்பாங்கன்னு அதுவரைக்கும் நான் நினைச்சுப் பாத்ததே இல்ல.

அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு நடந்தது உங்களுக்கே தெரியும். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கடந்துட்டுப் போகாம அங்கயே நின்னு கொட்டுச்சு. டிசம்பர் 1 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல மயிலத்துல 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயில் பாலத்துல தண்ணி ஏறி, ரெண்டாம் தேதி ரயில் எல்லாம் நின்னு போச்சு. விழுப்புரத்துல எங்க தெருவே ஏரி. நான் அப்போ சென்னைல, வீட்டுக்கு லைன் கிடைக்கறதே பெரும்பாடு.

மாமாவுக்கு லைன் கிடைச்சப்போ முதல்ல சொன்னது, "கடைல முழங்கால் தண்ணிடா, பொட்டியை மேல தூக்கி வச்சிட்டோம்." அடுத்து, "அந்த மயிலம் பெரியவர் வந்திருந்தார்டா, தண்ணிக்குள்ளயே நடந்து. நெல்லு பூரா மூழ்கிடுச்சாம். ரசீது நனைஞ்சிடுச்சு, இன்னொண்ணு எடுத்துக் குடுன்னார்."

"குடுத்தீங்களா?"

"கரண்ட் வந்ததும் பாப்பா எடுத்துக் குடுத்துடுச்சி."

காப்பீட்டுப் பணம் உடனே கைக்கு வந்துடாது. ஊருக்கு ஊர் அறுவடைப் பரிசோதனை பண்ணி, சராசரி மகசூலைப் பாத்து, அதுக்கப்புறம்தான் கணக்கு. அதனால பெரியவருக்கு நல்லது பண்ணிட்டேன்னு நான் நெஞ்சை நிமித்திச் சொல்ல எதுவும் இல்ல. ஆனா அன்னைக்கு அந்த டிக் கண்ணுல படாமப் போயிருந்தா, டிசம்பர்ல அந்தத் தண்ணிக்குள்ள நடந்து வர அவருக்குக் காரணமே இருந்திருக்காது. அதுக்குக் காரணம் என்னோட ஒரு சினிமா டிக்கெட்டா இருந்திருக்கும்.

சரி, சோகம் போதும். உங்களுக்கு உபயோகமா கொஞ்சம்:

1. பெரிய அப்டேட்டை அடுத்தவங்க பொட்டில போட்டா முடியற வரைக்கும் கூட இருங்க. கடைசி நாள் எதாவது பக்கத்துல இருந்தா போடவே போடாதீங்க.

2. போடறதுக்கு முன்னாடி காலாவதியான ஆன்டிவைரஸ், பழைய விபிஎன் எல்லாத்தையும் நீக்கிடுங்க. மூடி வைக்கறது நீக்கறது ஆகாது.

3. அப்டேட்டுக்கு அப்புறம் நெட் வரலன்னா கிட்ட இருந்து தூரமா போங்க: முகவரி 169.254ல ஆரம்பிக்குதா, ரவுட்டர் பதில் சொல்லுதா, 8.8.8.8 சொல்லுதா, பேர் சொன்னா சொல்லுதா. எங்க அறுந்துதோ அங்க தேடுங்க. எல்லாம் பதில் சொல்லியும் பக்கம் திறக்கலன்னா கார்டு பிராப்பர்ட்டீஸ்ல என்னென்ன டிக் இருக்குன்னு பாருங்க.

4. யூஎஸ்பி டெதரிங் போட்டுப் பாருங்க. வந்தா கார்டுலயோ லைன்லயோ கோளாறு. வரலன்னா பொட்டிக்கு உள்ள கோளாறு.

5. இது எல்லாத்துக்கும் முன்னாடி, அந்தப் பொட்டியில தினம் உக்கார்றவங்ககிட்ட கேளுங்க: "வழக்கமா வர்றது எது இன்னைக்கு வரல?"

அஞ்சாவதை இப்போ ஆபீஸ் டிக்கெட்லயும் முதல் கேள்வியா போட ஆரம்பிச்சிருக்கேன். டீம்ல சிரிக்கறாங்க. பாதி டிக்கெட் அந்த ஒரு பதில்லயே முடியுதுங்கறதால நான் கண்டுக்கறதில்ல.

பி.கு: மாமா கடைல இப்போ ரெண்டாவது பொட்டி ஒண்ணு வந்திருக்கு. அப்டேட் எப்போ போடணும்னு முடிவு பண்றது அந்தப் பொண்ணுதான். போன தடவை ஊருக்குப் போனப்போ சும்மா மவுஸ்ல கை வச்சேன். "அண்ணா, நீங்க முறுக்கு சாப்பிடுங்க"ன்னுடுச்சு :-)